ஆக்சிஜன் அசைந்தால் காந்தம் மாறும்

காப்பர் ஜெர்மனேட் என்று ஒரு படிகம் உண்டு. தாமிரமும் ஜெர்மானியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது, வெளிர்நீல நிறம், மெல்லிய ஏடாகப் பிளந்தால் ஒளி ஊடுருவும். 1993இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசாஷி ஹாசே, இச்சிரோ தெராசாகி, குனிமிட்சு உச்சினோகுரா ஆகிய மூவரும் இந்தப் படிகத்தைக் குளிர வைத்து, காந்தப்புலத்துக்கு அது எவ்வளவு இணங்குகிறது என்று அளந்தார்கள். பாடநூல்கள் இதைக் காந்த ஏற்புத்திறன் என்று சொல்லும். வெப்பநிலை 14 கெல்வினுக்குக் கீழே, அதாவது மைனஸ் 259 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனதும் ஏற்புத்திறன் சட்டென்று சரியத் தொடங்கியது. படிகத்தை எந்தப் பக்கம் திருப்பி வைத்து அளந்தாலும் அதே சரிவு.

எந்தப் பக்கம் திருப்பினாலும் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். சாதாரண எதிர்ஃபெர்ரோ காந்தத்தில் அணுக்காந்தங்கள் ஒன்று மேல்நோக்கி, அடுத்தது கீழ்நோக்கி என்று மாறி மாறி அணிவகுத்து நிற்கும். அந்த அணிவகுப்பின் திசையில் காந்தப்புலத்தைச் செலுத்தினால் ஏற்புத்திறன் குறையும். குறுக்கே செலுத்தினால் அவ்வளவாகக் குறையாது. மூன்று திசைகளிலும் ஒருசேரச் சரிகிறது என்றால் அங்கே அணிவகுப்பே இல்லை என்று பொருள். அணுக்காந்தங்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து, ஒன்றின் காந்தத்தை மற்றது முழுமையாக ஈடுகட்டிவிட்டது. அப்படி ஜோடி சேர்வதற்கு அணுக்களே இடம்பெயர்ந்திருப்பதை அடுத்து வந்த எக்ஸ்ரே, எலக்ட்ரான், நியூட்ரான் சோதனைகள் காட்டின. தாமிர அணுக்கள் நகர்ந்த தூரம் ஓர் ஆங்ஸ்ட்ராமின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு மீட்டரை ஆயிரம் கோடிக் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறுதான் ஆங்ஸ்ட்ராம்.

இவ்வளவு சொற்பமான நகர்வுக்கு ஒரு படிகத்தின் காந்தம் முழுவதும் அடங்கிப்போகுமா? காப்பர் ஆக்சைடுகளில் அடங்கும். அணுக்களின் அசைவை ஓர் அத்தியாயமாகவும் காந்தத்தை இன்னோர் அத்தியாயமாகவும் எழுதுவது பாடநூல்களின் வழக்கம். படிகத்துக்குள் அந்தப் பிரிவினை இல்லை. இரண்டையும் கட்டிப்போடுவது தாமிரங்களுக்கு நடுவே இருக்கும் ஆக்சிஜன்.

இந்தப் படிகங்களில் தாமிர அணு இரண்டு எலக்ட்ரான்களை இழந்த அயனியாக இருக்கிறது. பத்து எலக்ட்ரான் கொள்ளும் அதன் வெளிக்கூட்டில் ஒன்பதுதான் மிச்சம். எட்டு எலக்ட்ரான்கள் ஜோடியாகி, தங்களைக் காந்தமாக்கும் தற்சுழற்சியைச் சரிக்கட்டிக்கொள்ள, ஒன்று மட்டும் துணையில்லாமல் நிற்கிறது. தாமிர அயனி ஒரு குட்டிக் காந்தமாக இருப்பது அந்த ஒற்றை எலக்ட்ரானால்தான். அடுத்த தாமிரம் 3, 4 ஆங்ஸ்ட்ராம் தள்ளி இருக்கிறது. இரு காந்தங்களுக்கு இடையே வழக்கமாக உள்ள விசையின் ஆற்றலை இந்தத் தொலைவுக்குக் கணக்கிட்டு வெப்பநிலையாகச் சொன்னால் ஒரு கெல்வினில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனால் லாந்தனம் காப்பர் ஆக்சைடில் பக்கத்துப் பக்கத்துத் தாமிரங்களுக்கு இடையே அளந்த காந்த இடைவினை சுமார் 130 மில்லி எலக்ட்ரான் வோல்ட். வெப்பநிலையாகச் சொன்னால் 1,500 கெல்வின். இவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது?

நடுவில் இருக்கும் ஆக்சிஜன் வழியாக வந்தது. ஹாலந்துக்காரரான ஹென்ட்ரிக் கிராமர்ஸ் 1934இல் இதைச் சுட்டிக்காட்டினார். பிலிப் ஆண்டர்சன் 1950லும், பிறகு 1959லும் முழுமையான விளக்கம் கொடுத்தார். எலக்ட்ரான் ஒரே இடத்தில் அடைந்து கிடக்க விரும்புவதில்லை. கொஞ்சம் பரவ இடம் கிடைத்தால் அதன் ஆற்றல் குறையும். தாமிரத்தின் ஒற்றை எலக்ட்ரான் ஆக்சிஜன் வழியே பக்கத்துத் தாமிரத்துக்கு ஒரு கணம் போய்த் திரும்ப முடியும். ஆனால் அங்கே உள்ள எலக்ட்ரானும் இதன் தற்சுழற்சியையே கொண்டிருந்தால் பவுலியின் விதி வழியை அடைத்துவிடும். எதிர்த் தற்சுழற்சி என்றால் தடையில்லை. ஆகவே பக்கத்துப் பக்கத்துத் தாமிரங்கள் எதிரெதிராக நிற்பதே படிகத்துக்கு லாபம். காந்த விசை என்று நாம் சொல்வது இங்கே உண்மையில் எலக்ட்ரான்களின் போக்குவரத்துச் சுதந்திரம். இதற்கு மீப்பரிமாற்றம் என்று பெயர்.

போக்குவரத்து என்றால் பாதை எப்படி இருக்கிறது என்பது முக்கியம். தாமிரம், ஆக்சிஜன், தாமிரம் மூன்றும் நேர்கோட்டில் இருந்தால் பாதை திறந்து கிடக்கும். எதிரெதிர் நிலை வலுப்பெறும். ஆக்சிஜனில் செங்கோணமாகத் திரும்பினால் இரண்டு தாமிரங்களும் ஆக்சிஜனின் வேறுவேறு ஆர்பிட்டல்களைத் தொடும், பாதை அறுந்துவிடும், மிஞ்சுவது ஒரே திசையில் நிற்கச் செய்யும் வலுக்குறைந்த ஓர் இடைவினை. இந்த விதிகளை 1950களில் வகுத்தவர்கள் ஜான் குட்இனஃபும் ஜுன்ஜிரோ கனமோரியும். கணினிகளின் காந்த நினைவகத்துக்குப் பொருள் தேடிய காலத்தில் குட்இனஃப் செய்த வேலை இது. அவர்தான் பிற்பாடு லித்தியம் மின்கலத்துக்காக 97 வயதில் நோபல் பரிசு பெற்றார். மின்கலத்தைவிட இந்தக் காந்த விதிகளே அவருடைய ஆழமான பங்களிப்பு என்று நான் நினைக்கிறேன்.

எதிரெதிர் நிலை எந்தக் கோணத்தில் ஒருதிசை நிலையாக மாறுகிறது? வட கரோலினா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஹாட்ஃபீல்டு, டெரெக் ஹாட்ஜ்சன் குழுவினர் 1976இல் இதற்கு ஓர் எண்ணையே தந்தார்கள். இரண்டு தாமிரங்களை ஹைட்ராக்சைடு இணைக்கும் சேர்மங்கள் பலவற்றை எடுத்து, கோணத்தையும் காந்த இடைவினையையும் வரைபடத்தில் குறித்தபோது புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் விழுந்தன. அந்தக் கோடு 97.5 பாகையில் சுழியைக் கடக்கிறது. அதற்கு மேலே எதிரெதிர், கீழே ஒருதிசை. ஒரு பாகை கோணம் மாறினால் இரு நிலைகளுக்கும் இடையிலான ஆற்றல் வேறுபாடு 100 கெல்வின் அளவுக்கு மாறுகிறது. ஒரு பாகைக்கு 100 கெல்வின்! தாமிர வேதியியலில் இதைப்போல் என்னை வியக்க வைத்த எண் வேறில்லை.

தொலைவும் இதேபோல்தான். டி. பிளாக் 1966இல் பல ஆக்சைடுகளையும் ஃபுளோரைடுகளையும் ஒப்பிட்டு, அயனிகளுக்கு இடையிலான தொலைவின் பத்தாம் அடுக்குக்கு எதிர்விகிதமாக இந்த இடைவினை மாறுகிறது என்று காட்டினார். தொலைவு ஒரு சதவீதம் குறைந்தால் இடைவினை பத்து சதவீதம் கூடும். லாந்தனம் காப்பர் ஆக்சைடை அழுத்தி அளந்தபோது ஆறேழாம் அடுக்குதான் வந்தது. அதுவும் கடுமையான சார்புதான்.

இனி அசைவுக்கு வருவோம். படிகத்தில் எந்த அணுவும் தன் இடத்தில் சும்மா நிற்பதில்லை. வெப்பம் அதை ஆட்டுகிறது. வெப்பத்தை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டாலும் குவாண்டம் விதிப்படி ஒரு மிச்ச அசைவு இருந்தே தீரும். தாமிரத்தின் நிறையில் கால் பங்கே கொண்ட ஆக்சிஜன் கூடுதலாக ஆடும். ஆக்சைடுகளில் அதன் சராசரி அலைவு ஓர் ஆங்ஸ்ட்ராமில் இருபதில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரை. காப்பர் ஜெர்மனேட்டின் வடிவத்தில், இரு தாமிரங்களையும் சேர்க்கும் கோட்டுக்குச் செங்குத்தாக ஆக்சிஜன் ஆங்ஸ்ட்ராமில் இருபதில் ஒரு பங்கு அசைந்தால் கோணம் ஏறத்தாழ இரண்டு பாகை மாறும். மேலே சொன்ன 100 கெல்வின் கணக்கை இதனுடன் சேர்த்துப் பாருங்கள். ஆய்வுக் கட்டுரைகளில் காந்த இடைவினை என்று ஒற்றை எண்ணாக அச்சாகி வருவது இடைவிடாமல் ஏறி இறங்கும் ஓர் அளவின் சராசரி. அந்தச் சராசரி போதுமானது என்று எல்லாப் படிகங்களிலும் எடுத்துக்கொள்ள முடியாது.

ஏன் முடியாது என்பதற்குக் காலக்கணக்கைப் பார்க்க வேண்டும். திண்மப்பொருள் இயற்பியலின் அடிப்படைச் சௌகரியம் ஒன்று உண்டு. எலக்ட்ரான் மிக வேகமானது, அணுக்கரு மிக மெதுவானது. எனவே எலக்ட்ரானைக் கணக்கிடும்போது அணுக்கள் அசையாமல் நிற்பதாகக் கொள்ளலாம். எலக்ட்ரான் தாவும் வேகத்துக்கு இது சரி. ஆனால் தற்சுழற்சி திரும்பும் வேகம் வேறு. லாந்தனம் காப்பர் ஆக்சைடின் 130 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டை அதிர்வெண்ணாக்கினால் 31 டெராஹெர்ட்ஸ் வரும். அதாவது 32 ஃபெம்டோ நொடிக்கு ஒரு சுற்று. அதே படிகத்தில் ஆக்சிஜனின் அதிவேக அதிர்வு சுமார் 20 டெராஹெர்ட்ஸ், 50 ஃபெம்டோ நொடிக்கு ஒரு முறை. இரண்டும் ஒரே வரிசையில் வருகின்றன. காப்பர் ஜெர்மனேட்டில் காந்த இடைவினை 10 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டியது. அங்கே அணுக்கள் தற்சுழற்சிகளைவிட வேகமாகவே ஆடுகின்றன. ஒன்று ஓடும்போது மற்றது நிற்கிறது என்ற சௌகரியம் இங்கே கிடையாது.

எல்லா அசைவும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கேதான் ஒவ்வொரு படிகமும் தனித்தன்மை காட்டுகிறது. நேர்கோட்டில் இருக்கும் தாமிரம், ஆக்சிஜன், தாமிரம் மூன்றையும் எடுத்துக்கொள்வோம். ஆக்சிஜன் இடப்பக்கத் தாமிரத்தை நோக்கிச் சற்று நகர்ந்தால் அந்தப் பக்கத் தாவல் எளிதாகும், வலப்பக்கத் தாவல் அதே அளவு கடினமாகும். தராசின் ஒரு தட்டு இறங்க மற்றது ஏறுவதுபோல, முதல் கணக்கில் லாபமும் நட்டமும் சமனாகிவிடும். இடைவினையில் மிஞ்சுவது நகர்வின் இருமடிக்கு ஏற்ற சிறு மாற்றம்தான். ஆக்சிஜன் கோட்டைவிட்டுப் பக்கவாட்டில் விலகினாலும் அப்படியே. மேலே போனாலும் கீழே போனாலும் வளைவு ஒன்றுதான் என்பதால் முதல் கணக்கு மாற்றம் சுழி.

ஆனால் ஆக்சிஜன் ஏற்கனவே கோட்டைவிட்டுச் சற்று மேலே நின்றால் கதை மாறுகிறது. இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடின் தாமிர ஆக்சிஜன் அடுக்குகள் அப்படித்தான், தட்டையாக இல்லாமல் சற்று மடிந்து நிற்கின்றன. அங்கே ஆக்சிஜன் இன்னும் மேலே போனால் வளைவு கூடும், கீழே வந்தால் குறையும். அசைவின் ஒவ்வொரு பாதியிலும் இடைவினை வெவ்வேறு பக்கம் மாறும். செங்கோணத்தை ஒட்டிய காப்பர் ஜெர்மனேட்டில் இந்த நேரடிப் பாதிப்பு உச்சத்தில் இருக்கிறது. ஒரே தாமிரம், ஒரே ஆக்சிஜன். கோணம் ஒன்றுதான் வேறு. அதிர்வு காந்தத்தைத் தொடுமா தொடாதா என்பதை அந்தக் கோணமே தீர்மானிக்கிறது.

காப்பர் ஜெர்மனேட்டை இப்போது இன்னும் அருகில் பார்க்கலாம். அதில் தாமிரங்கள் ஒரே திசையில் நீண்ட சங்கிலிகளாக நிற்கின்றன. ஒவ்வொரு ஜோடித் தாமிரத்துக்கும் நடுவே இருபுறமும் ஓர் ஆக்சிஜன். கோணம் 99 பாகை. சுழியைக் கடக்கும் 97.5 பாகைக்கு மிக அருகில், கத்தி முனையில் நிற்கும் படிகம். இவ்வளவு அருகில் எதிரெதிர் இடைவினை 120 கெல்வின் அளவுக்கு எப்படி வந்தது என்ற கேள்விக்கு 1996இல் டபிள்யூ. ஹீர்ட்ஸ்மாவும் டேனியல் கோம்ஸ்கியும் பதில் சொன்னார்கள்: ஆக்சிஜனின் மறுபக்கத்தில் ஒட்டியிருக்கும் ஜெர்மானியம் அதன் ஆர்பிட்டல்களைச் சமமற்றதாக்கி, அறுந்துபோக வேண்டிய பாதையை ஓரளவு திறந்து வைக்கிறது. காந்தத்தில் நேரடிப் பங்கே இல்லாத ஜெர்மானியம் இப்படி ஓரத்தில் இருந்தபடியே காந்தத்தை நிர்ணயிக்கிறது.

எதிரெதிர் இடைவினை கொண்ட ஒற்றைச் சங்கிலிக்கு ஓர் உள்ளார்ந்த பலவீனம் உண்டு. ருடால்ஃப் பையர்ல்ஸ் உலோகச் சங்கிலிகளுக்குச் சொன்ன கருத்தின் காந்த வடிவம் இது. சங்கிலியின் அணுக்கள் ஒன்றுவிட்டு ஒன்று நெருங்கினால் ஓர் இணைப்பு வலுக்கும், அடுத்தது தளரும். வலுத்த இணைப்பில் இரு தற்சுழற்சிகள் ஜோடி சேர்ந்து ஆற்றலைக் குறைத்துக்கொள்ளும். அணுக்களை நகர்த்துவதற்குப் படிகம் செலவிடும் மீள்விசை ஆற்றலைவிட இந்த லாபம் பெரிது. எனவே குளிர்ந்தால் சங்கிலி தானாகவே ஜோடியாக முறியும். 1970களில் சில கரிமச் சேர்மங்களில் இது காணப்பட்டது. கனிமப் படிகத்தில் முதன்முதலாகக் கண்டவர்கள்தான் டோக்கியோ மூவர். கனிமம் என்பதால் பெரிய படிகங்களாக வளர்க்க முடிந்தது, நியூட்ரான் சிதறலுக்குத் தோதாக இருந்தது, தாமிரத்துக்குப் பதில் சிறிது துத்தநாகம் கலந்து பார்க்க முடிந்தது. அடுத்த பத்தாண்டில் உலகெங்கும் இந்த நீலப் படிகத்தை ஆராய்ந்தார்கள்.

ஆராய்ந்தவர்களைத் திகைக்க வைத்த ஒன்று நடந்தது. படிகம் தன் வடிவத்தை மாற்றும் முன் அந்த வடிவத்துக்கு இட்டுச்செல்லும் அதிர்வு மெதுவாகிக்கொண்டே வந்து மாற்றப் புள்ளியில் உறைய வேண்டும் என்பது பழைய எதிர்பார்ப்பு. நியூட்ரான் சோதனைகளில் அப்படி மெதுவாகும் அதிர்வு எதுவும் தட்டுப்படவில்லை. மார்க்கஸ் பிராடன் குழுவினர் தொடர்புடைய இரண்டு அதிர்வுகளைக் கண்டுபிடித்தபோது, 3 டெராஹெர்ட்ஸை ஒட்டிய ஒன்றும் 6.5 டெராஹெர்ட்ஸை ஒட்டிய ஒன்றும், குளிரக் குளிரச் சற்று வேகம் கூடுவதைத்தான் பார்த்தார்கள். காலக்கணக்குதான் இதற்கு விடை. அணுக்கள் மெதுவானவை, தற்சுழற்சி வேகமானது என்ற அனுமானத்தில் எழுதிய கோட்பாடு, அது தலைகீழாக இருக்கும் படிகத்தில் செல்லவில்லை. கிளாடியஸ் குரோஸ், ரால்ஃப் வெர்னர் ஆகிய இருவரும் 1998இல் அதே கோட்பாட்டை வேகமான அதிர்வுகளுக்குத் திருத்தி எழுதியபோது, அதிர்வு மெதுவாகாமலேயே மாற்றம் நிகழ முடியும் என்று தெரிந்தது. ஜோடி சேர்ந்த பிறகு அடுத்தடுத்த இணைப்புகளின் கோணம் ஏறத்தாழ ஒரு பாகை வேறுபடுகிறது. அந்த ஒரு பாகைக்குத்தான் இத்தனை விளைவு.

தட்டையான அடுக்குகளைக் கொண்ட லாந்தனம் காப்பர் ஆக்சைடில் அதிர்வுக்கு வேலையே இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. 1993இல் எம்.ஐ.டி.யில் பெர்க்கின்ஸ் குழுவினர் இந்தப் படிகத்தின் வழியே அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தினார்கள். இது மின்கடத்தாப் பொருள். எலக்ட்ரான்களைப் பிடுங்கி நகர்த்தச் சுமார் 2 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அதற்கு வெகு கீழே, 0.4 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி, ஒளியை மெலிதாக உறிஞ்சும் முகடு ஒன்று தெரிந்தது. தனி அதிர்வுகளின் ஆற்றல் 0.1 எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டாது. அப்படியானால் இந்த 0.4 யாருடையது?

ஹாலந்தின் கிரோனிங்கனில் இருந்த ஹோசே லோரென்சானாவும் ஜார்ஜ் சவாட்ஸ்கியும் 1995இல் விடை தந்தார்கள். பக்கத்துப் பக்கத்து இரு தற்சுழற்சிகள் ஒன்றாகத் திரும்புவதற்கு வேண்டிய ஆற்றல் இந்த எல்லையில்தான் வருகிறது. ஆனால் ஒளியால் அவற்றை நேரடியாகத் திருப்ப முடியாது. நடுவில் ஆக்சிஜன், இருபுறமும் ஒரே மாதிரித் தாமிரம் என்ற சமச்சீர் இருக்கும்வரை, தற்சுழற்சிகள் திரும்பும்போது மின்னூட்டம் எந்தப் பக்கமும் சாய்வதில்லை. ஒளியின் மின்புலத்துக்குப் பிடிமானம் இல்லை. ஆக்சிஜன் அசைந்து ஒரு பக்கம் ஒதுங்கும் கணத்தில் சமச்சீர் உடைகிறது, பிடிமானம் கிடைக்கிறது. ஒளி ஒரே விழுங்கலில் ஓர் ஆக்சிஜன் அதிர்வையும் இரண்டு காந்த அலைவுகளையும் சேர்த்து எழுப்புகிறது. முகட்டின் இடத்தை வைத்து அவர்கள் கணக்கிட்ட காந்த இடைவினை 121 மில்லி எலக்ட்ரான் வோல்ட். நியூட்ரான் அளவீடுகளுடன் நன்றாகவே ஒத்துப்போகிறது. ஆக்சிஜன் அசையாமல் இருந்தால் அந்த முகடே இருக்காது.

காப்பர் ஆக்சைடுகளை உலகம் பேசுவது, தடையே இல்லாமல் மின்சாரம் பாயும் மீக்கடத்தலுக்காக. 1986இல் சூரிச்சை ஒட்டிய ரூஷ்லிக்கான் ஐபிஎம் ஆய்வகத்தில் ஜார்ஜ் பெட்னார்ஸும் அலெக்ஸ் முல்லரும் பேரியம் கலந்த லாந்தனம் காப்பர் ஆக்சைடில் 30 கெல்வினைத் தாண்டிய மீக்கடத்தலைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே நோபல் பரிசு. அவர்கள் ஏன் தாமிரத்தைத் தேடிப் போனார்கள் என்பது பலருக்கு மறந்துவிட்டது. தாமிர அயனியைச் சுற்றி ஆறு ஆக்சிஜன்கள் எண்முக வடிவில் நிற்கும்போது அந்த வடிவம் தானாகவே நீளும். பக்கவாட்டு நான்கு ஆக்சிஜன்கள் 1.9 ஆங்ஸ்ட்ராமிலும் மேலும் கீழும் உள்ளவை 2.4 ஆங்ஸ்ட்ராமிலும் நிற்கும். ஜான், டெல்லர் இருவரும் 1937இல் சொன்ன விளைவு இது. எலக்ட்ரானும் அணு அசைவும் இவ்வளவு இறுகப் பிணைந்த பொருளில் மீக்கடத்தல் வலுவாக இருக்கும் என்று முல்லர் நம்பினார். அதே நீட்சிதான் தாமிரத்தின் ஒற்றைக் காலியிடத்தைப் பக்கவாட்டு ஆக்சிஜன்களை நோக்கிய ஆர்பிட்டலில் நிறுத்தி, அந்தப் பிரமாண்டமான 130 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டையும் உண்டாக்குகிறது. அணு அமைப்பைத் தேடிப் போனவருக்குக் காந்தமும் சேர்ந்தே கிடைத்தது.

கிடைத்த பிறகு துறை இரண்டாகப் பிரிந்தது. பாதரசம்போன்ற பழைய மீக்கடத்திகளில் எலக்ட்ரான்களை ஜோடி சேர்ப்பது அணு அதிர்வு என்பதற்கு 1950இல் வந்த ஐசோடோப்பு சோதனைகள் சாட்சி: கனமான ஐசோடோப்பு, மெதுவான அதிர்வு, குறைந்த மீக்கடத்தும் வெப்பநிலை. 1987இல் பெல் ஆய்வகத்திலும் பெர்க்லியிலும் இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடில் ஆக்சிஜன் 16க்குப் பதில் ஆக்சிஜன் 18ஐ ஏற்றிப் பார்த்தார்கள். 90 கெல்வினைத் தாண்டிய வெப்பநிலை சில கெல்வின் குறைய வேண்டியது. ஒரு கெல்வின்கூடக் குறையவில்லை. அதிர்வுக்குப் பங்கில்லை, எல்லாம் காந்தம் என்று பலர் தீர்ப்பு எழுதினார்கள். அது அவசரத் தீர்ப்பு என்பதே என் கருத்து. மீக்கடத்தல் உச்சத்தில் இருக்கும் கலவையில்தான் ஐசோடோப்பு விளைவு சிறிது. கலவையில் மின்னூட்டத்தைக் குறைத்துக் காந்த நிலையை நெருங்க நெருங்க விளைவு பெரிதாகிறது. முல்லரும் சூரிச் சகாக்களும் இதைப் பல ஆண்டுகள் விடாமல் அளந்து காட்டினார்கள். காந்தமா அதிர்வா என்ற கேள்வி, காந்தத்தை ஏந்தி நிற்பதே அசையும் ஆக்சிஜன் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அண்மையில் வந்த இரண்டு முடிவுகளை இங்கே சேர்த்துச் சொல்லலாம். பிஸ்மத் கலந்த காப்பர் ஆக்சைடு ஒன்றில் தாமிரத்துக்கு மேலே நிற்கும் ஆக்சிஜனின் தொலைவு இயற்கையாகவே 26 ஆங்ஸ்ட்ராமுக்கு ஒரு முறை அலைபோலக் கூடிக் குறைகிறது. சீமஸ் டேவிஸ் குழுவினர் 2022இல் ஒவ்வோர் இடத்திலும் மீக்கடத்தும் ஜோடிகளின் அடர்த்தியை அளந்தார்கள். எலக்ட்ரான் ஆக்சிஜனிலிருந்து தாமிரத்துக்குத் தாவச் செலவாகும் ஆற்றல் குறைந்த இடத்தில் ஜோடிகள் அதிகம். மீப்பரிமாற்றக் கோட்பாடு எதிர்பார்த்த வேகத்திலேயே அதிகம். ஆக்சிஜன் இருக்கும் இடம், காந்த இடைவினை, மீக்கடத்தல் மூன்றும் ஒரே படத்தில். இன்னொன்று 2021இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்தது. ஒற்றைச் சங்கிலிக் காப்பர் ஆக்சைடில் எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதை ஷென் குழுவினர் கண்டார்கள். அந்த ஈர்ப்பின் அளவை எலக்ட்ரான் விலக்கத்தையும் காந்தத்தையும் மட்டும் வைத்து விளக்க முடியவில்லை. அணு அதிர்வைச் சேர்த்த கணக்குதான் அதற்கு அருகில் வருகிறது.

அதிர்வு தானாக நடப்பதைக் காத்திருந்து பார்க்காமல், நாமே ஆட்டிவிட்டால் என்ன? இந்த நூற்றாண்டின் லேசர்கள் அதைச் செய்கின்றன. ஹாம்பர்க்கிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் பணியாற்றும் ஆண்ட்ரியா கவலேரியின் குழு 2011இல், தற்சுழற்சிகளும் மின்னூட்டமும் வரிவரியாக உறைந்து மீக்கடத்தல் ஒடுங்கிப்போன ஒரு காப்பர் ஆக்சைடை எடுத்தது. அந்த வரிகளைப் பிடித்து வைத்திருப்பது ஆக்சிஜன் எண்முகங்களின் ஒரு சாய்வு. தாமிர ஆக்சிஜன் பிணைப்பின் அதிர்வுக்குச் சரியாகப் பொருந்தும் 16 மைக்ரோமீட்டர் அலைநீள ஒளித்துடிப்பு ஒன்றை அதன்மேல் செலுத்தியதும், ஓரிரு பிக்கோ நொடிக்குள் மீக்கடத்தலின் அடையாளம் தோன்றியது. அதே குழு 2024இல், இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடை அதன் மீக்கடத்தும் வெப்பநிலைக்கு மேலே வைத்து இப்படி ஆட்டியபோது படிகம் காந்தப்புலத்தை வெளியே தள்ளுவதை அளந்து வெளியிட்டது. இது மெய்யான மீக்கடத்தலா என்ற விவாதம் ஓயவில்லை. காந்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் தெளிவான சாட்சி இரும்பு ஆக்சைடுப் படிகம் ஒன்றிலிருந்து வருகிறது. 2021இல் டெல்ஃப்ட்டின் ஆண்ட்ரியா கவில்யா குழுவினர் டிஸ்ப்ரோசியம் ஃபெரைட்டின் அதிர்வு ஒன்றை ஒளியால் தூண்டி, சில பிக்கோ நொடிகளில் அதன் காந்த ஒழுங்கையே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்கள்.

காப்பர் ஆக்சைடில் செய்ய வேண்டியது இதைவிடக் கடினம்: ஆக்சிஜன் ஒரு முறை போய்வரும் நேரத்துக்குள் காந்த இடைவினை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று நேரடியாக அளப்பது. ஒத்திசைவு எக்ஸ்ரே சிதறல் என்ற முறை 2010 முதல் இந்தப் படிகங்களின் காந்த அலைகளைக் காட்டி வருகிறது. அதே அளவீட்டில் 100 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே அணு அதிர்வுகளும், 300 வரை காந்த அலைகளும் அருகருகே பதிவாகின்றன. எக்ஸ்ரே லேசரின் குறுந்துடிப்பை இதனுடன் சேர்த்தால் போதும் என்று தோன்றும். ஆனால் துடிப்பைக் குறுக்கக் குறுக்க அதன் ஆற்றல் பரந்துவிடும். 50 ஃபெம்டோ நொடித் துடிப்பின் ஆற்றல் அகலம் 36 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைய முடியாது. ஆக்சிஜனின் அதிவேக அதிர்வைப் படம்பிடிக்க 50 ஃபெம்டோ நொடியே நீளம், அதைவிடக் குறுக்கினால் காந்த அலையின் ஆற்றல் கலங்கிவிடும். மடிந்த அடுக்குகளில் ஆக்சிஜன்கள் மேலும் கீழும் ஆடும் 10 டெராஹெர்ட்ஸ் அதிர்வில் இந்த நெருக்கடி பாதியாகிறது. முதல் கணக்கிலேயே காந்தத்தைத் தொடும் அதிர்வும் அதுதான். சோதனையை அங்கிருந்து தொடங்குவதே சரி.